யாரும் விட்டுக்கொடுக்காத இருபது நிமிடம்

சினிமா தியேட்டர் மானேஜருக்குப் படம் பார்க்கச் சம்பளம் கிடையாது. பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதை முகம் மாறாமல் கேட்டுக்கொள்ளத்தான் சம்பளம். ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூட அலுவலகம் என்று எங்காவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுஜனத்தைச் சமாளித்தவராக நீங்கள் இருந்தால், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

எங்கள் தியேட்டர் கேரள மலையில், பூப்பாறையிலிருந்து சாந்தன்பாறை போகிற வழியில் இருக்கிறது. ஒரே திரை. சுற்றிலும் ஏலத்தோட்டம். முதலாளி மலையாளி, படம் பார்க்க வருகிறவர்களில் பாதிக்குமேல் தமிழர்கள். அதனால் வெளிநாட்டுப் படங்களைத் தமிழ்க் குரலோடுதான் போடுவோம். எனக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும், நான் ‘ஏனுங்க’ என்று ஆரம்பித்தால் தோட்டத்துச் சனங்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

இந்த வருடம் எங்களுக்கு வந்த பெரிய படம், அந்த ஒற்றர் வரிசையின் எட்டாம் பாகம். கதாநாயகனின் பெயரில் உயிரெழுத்தே இல்லாதது போல் இருப்பதால், இங்கே யாரும் அதை உச்சரிப்பதில்லை. ரயிலிலிருந்து விழுந்தாலும் ஆற்றுக்குள் குதித்தாலும் கோட்டு மட்டும் கசங்காமல் எழுந்து வருகிறவர் என்பதால் ‘கோட்டுக்காரர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று நம் பழையவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒற்றர் படத்துக்கும் அதுவே விதி என்று முடிவுசெய்து, வாசலில் ஓர் அபிப்பிராய நோட்டு வைத்தேன். வினை அங்கே தொடங்கவில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமையே தொடங்கிவிட்டது.

அஞ்சு மணி ஹாரன்

தமிழ்நாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் போடியிலிருந்து தினமும் காலையில் ஜீப்புகளில் பெண்கள் மலையேறி ஏலக்காய் எடுக்க வருவார்கள். சாயங்காலம் போடிமெட்டு வழியாக இறங்கிவிடுவார்கள். பக்கத்து எஸ்டேட்டில் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. அன்றைக்கு குருசாமியின் ஜீப்பில் வருகிற பன்னிரண்டு பேரும் இரண்டேகால் மணி மேட்னிக்கு எங்களிடம் வந்துவிடுவார்கள். போடியிலேயே தியேட்டர் இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். “கீழ எறங்குனா அடுப்பு கூப்டுரும் சார்” என்றார் மரியபுஷ்பம். பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் தலைவி. வயது நாற்பத்தைந்து இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், சரியாக ஐந்து மணிக்குக் குருசாமி வெளியிலிருந்து ஹாரன் அடிப்பான். அதற்குமேல் மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும். அவனுக்குக் கீழே இன்னொரு சவாரியும் இருக்கும். பெரிய படங்கள் முடிய ஐந்து இருபது ஆகும். ஆகவே என் காலத்தில் வந்த நான்கு பாகங்களிலும் இந்தப் பெண்கள் கடைசி இருபது நிமிடத்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அதில் பெரிய வருத்தமும் கிடையாது. ஆறாம் பாகத்தில் அணைக்கட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வருடம் கழித்து ஏழாம் பாகத்தின் முதல் காட்சியில் அவர் கையில் கட்டோடு வந்ததும், “ஓ, கைதான் போயிருக்கு” என்று வரிசை முழுக்கச் சமாதானமானது.

எட்டாம் பாகத்தின் போஸ்டரில் ‘இறுதிப் பாகம்’ என்று போட்டிருந்தது. மரியபுஷ்பம் அதன் முன்னால் நின்று, எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு என் மேஜைக்கு வந்தார். “இதுக்கப்புறம் இல்லையா சார்? அப்ப அவரு பொழச்சாரா செத்தாரான்னு எங்களுக்கு எப்பத் தெரியும்?” அடுத்த வாரம் முடிவை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்த வில்லனும் தாங்கமாட்டான். “சொல்லித் தெரிஞ்சுக்க அது என்ன சார், சாவுச் செய்தியா?”

முதலாளியின் கத்தரிக்கோல்

மேட்னியை இருபது நிமிடம் முன்னால் தொடங்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். காலைக் காட்சி முடிந்து கூட்டம் வெளியேறவே இரண்டு மணி தாண்டும், நடக்காது என்றார். குருசாமியைக் கேட்டேன். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் மஞ்சுக்குள் நான் வந்து ஓட்டுவதாக இருந்தால் காத்திருப்பதாகச் சொன்னான். படமே பார்க்காதவன் அவன். மேட்னி நேரம் முழுவதும் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்குவான்.

மறுபடி முதலாளியிடம் போனேன். அவர் தமிழ் பேசினால் அதில் பாதி மலையாளமாக இருக்கும், ஆனால் கட்டளை மட்டும் தெளிவாக விளங்கும். அவர் சொன்ன யோசனை சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. “எடோ, வெடிச் சத்தம் இல்லாத இடமாப் பாத்து ஒரு இருபது மினிட் சாடிப் போ. எட்டாம் பாகத்துல எந்தா புதுசு? ஏழு தடவை கண்டதுதானே!” சாடிப் போவது என்றால் தாண்டிப் போவது.

ஒன்பது நிமிடம், ஒரு ஸ்பேனர்

வியாழக்கிழமை படம் வந்தது. முதல் காட்சியைக் கையில் கடிகாரத்தோடு பார்த்தேன். துப்பாக்கி வெடிக்காத இடங்கள் மூன்று. கப்பலின் அடித்தட்டில் கோட்டுக்காரர் ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துச் சரிசெய்வது ஒன்பது நிமிடம். அவருடைய மேலதிகாரிகள் அவரை உட்காரவைத்து விசாரிப்பது ஆறு. ஓட்டல் குளியலறையில் சட்டை அலசுவது ஐந்து. கூட்டினால் இருபது. கணக்கு இத்தனை ஒழுங்காக வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று வெளியே வந்தவர்களில் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் செல்லத்துரையும் இருந்தார். இருபத்தைந்து வருடமாக உருளை இயந்திரங்களோடு வாழ்பவர். மனிதர்களிடம் பேசுவதைக் கூடுமானவரை தவிர்ப்பவர். நோட்டில் எழுத மாட்டேன் என்று கையைக் காட்டினார்; கையெல்லாம் கிரீஸ். அந்த ஜெனரேட்டர் காட்சி நீளமோ என்று நைசாக ஆரம்பித்தேன். அவர் நின்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான்: “என்ன சார் இப்டிச் சொல்லுதீய? நட்டு நாலையும் கழட்டி வரிசையா துணியில வைக்கான். வேலை முடிஞ்சதும் ஸ்பேனரை எடுத்த எடத்துலயே திருப்பி வைக்கான். கப்பல் முங்கப் போவுது, அப்பவும் திருப்பி வைக்கான்! எங்க பேக்டரியில இப்டி ஒருத்தனைக் காட்டுங்க, என் வேலையை அவனுக்குக் குடுத்துட்டுப் போயிருதேன்.”

ஆறு நிமிடம், ஒரு ரிப்போர்ட்

ஒன்பதைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். மிச்சம் பதினொன்று இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு எஸ்தர் டீச்சர் வந்தார். எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் நோட்டிலேயே முன்பக்கத்தில் இருந்த இரண்டு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் தன் அபிப்பிராயத்தை எழுதத் தொடங்கினார். நானும் பிழை பார்க்கிறவன்தான். அந்த இரண்டும் என்னுடையவை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த விசாரணைக் காட்சியில் ஒன்றுமே நடப்பதில்லையே டீச்சர் என்றேன். நீள மேஜை, ஒரு பக்கம் ஐந்து அதிகாரிகள், எதிரே நெற்றியில் காயத்தோடு நம் ஆள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். டீச்சர் பேனாவை மூடினார். “ஒன்றும் நடக்கவில்லையா? ஒரு நகரத்தையே காப்பாற்றிவிட்டு வந்து நிற்கிறார். ‘அதெல்லாம் இருக்கட்டும், போன மாத ரிப்போர்ட்டை ஏன் மூன்று பிரதியில் அனுப்பவில்லை’ என்று கேட்கிறார்கள். அவர் சிரிக்காமல், ‘அடுத்த மாதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்’ என்கிறாரே! சார், முப்பது வருட சர்வீஸில் நான் சொல்ல நினைத்துச் சொல்லாத பதில் அது. எங்கள் ஸ்டாபையெல்லாம் அந்தக் காட்சிக்காகவே நாளைக்கு அழைத்து வருகிறேன்.”

ஐந்து நிமிடம், ஒரு சட்டை

மிஞ்சியது குளியலறை. ஐந்து நிமிடமாவது கிடைக்கட்டும் என்று, உள்ளூர்க் காற்று படாத ஒரு கருத்தைத் தேடி, சித்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டேன். பாலக்காட்டு டவுனில் முதல் நாளே மச்சானோடு போய்ப் பார்த்திருந்தாள். கோட்டுக்காரர் விஷயத்தில் அவள் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

“ஏன்டா தம்பி, அந்தச் சட்டை தொவைக்கிற எடத்தையா எடுத்துப்போடப் பாக்கறே?” என்றாள். மச்சான் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். “நீங்க செத்த சும்மா இருங்க” என்று அவரை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினாள். அந்த மனிதர் உலகம் முழுக்கச் சுற்றுகிறார், தங்குகிற ஓட்டலில் கூப்பிட்டால் வேலைக்கு நூறு பேர் வருவார்கள், ஆனாலும் தன் அழுக்கைத் தானே அலசுகிறார் என்பதுதான் அவளுடைய வாதம். குறை என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அதையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். “ரத்தக் கறையை வெந்நீர்ல போட்டான் பாரு, அது மட்டும் தப்பு, பச்சைத் தண்ணியிலதான் அலசோணும். மத்தபடி அந்தச் சீனுல கை வெச்சீன்னா பாத்துக்கோ. ஒரு ஆம்பளை துணி தொவைக்கிறதைப் பாக்க நாங்க வேற எந்தத் தியேட்டருக்குடா போறது?”

துரத்தல் யாருக்குச் சொந்தம்

ஆக இருபதும் போயிற்று. சனிக்கிழமை மதியம் என் கையில் இருந்தது ஒரே வழி. படத்தின் நடுவில் ஒரு மலைப்பாதைக் கார் துரத்தல் வருகிறது. சரியாக இருபது நிமிடம். அதைத் தாண்டிப் போனால் கதை ஒன்றும் கெடாது. புராதன நாடக இலக்கணப்படி பார்த்தாலும், கதையை நகர்த்தாத காட்சி தள்ளுபடிக்கு உரியதே. இந்த இலக்கணத்தை நான் வரிசையில் நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு பேரிடம் விளக்கினேன். கார் துரத்தலை விட்டுவிட்டால் முடிவைப் பார்த்துவிட்டுப் போகலாம், சம்மதமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அவர்களுக்குள் கூடிப் பேசினார்கள். நிற்பவர்களில் சின்னவளான கனி, போன வருடம் கல்யாணமாகி வந்தவள், “மலை ரோடா சார்? வளைவெல்லாம் வருமா?” என்று கேட்டாள். வரும் என்றேன். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முறிந்தது. மரியபுஷ்பம் முடிவை அறிவித்தார்: “அதை விட முடியாது சார். எங்க குருசாமியை விட மோசமா ஓட்டுறவன் ஒலகத்துல உண்டான்னு இத்தன வருசமாத் தேடிக்கிட்டு இருக்கோம்.”

திரேசாம்மாவின் தீர்ப்பு

எங்கள் கான்டீனை முதலாளியின் மனைவி திரேசாம்மா நடத்துகிறார். இடைவேளை பதினைந்து நிமிடம் என்று போர்டில் எழுதியிருந்தாலும், அவருடைய சமோசாவின் புகழால் அது இருபதாக நீளும். கோட்டுக்காரர் வரும் காட்சி ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. கதவோரம் நின்று, கையில் கரண்டியோடு பார்ப்பார். வரிசையில் நடந்த பேச்சை முழுவதும் கேட்டிருக்கிறார். கணவரை ஒரு பார்வையில் ஓரம்கட்டிவிட்டு என்னிடம் வந்தார். “மானேஜரே, இன்னைக்கு மேட்னிக்கு இன்டர்வெல் வேண்டா. சமோசா நான் இருட்டுல கொண்டு வந்து கொடுத்தோளாம். ஒரு பெண்ணு கதை முடியாம இந்த மலைச்சுரம் இறங்கினா அந்தப் பாவம் என் சட்டியில வேண்டா.”

மூன்று நாளாக நான் படத்துக்குள் தேடிய இருபது நிமிடம் படத்துக்கு வெளியே இருந்திருக்கிறது. படித்தவனுக்கு இது தோன்றவில்லை என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறுப்புள்ள மானேஜர் என்பதால், இரண்டே முக்கால் மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார முடியுமா, கழிவறைக்கு இப்போதே போய் வந்துவிடுங்கள் என்று அந்தப் பெண்களிடம் நீளமாக ஓர் உரை நிகழ்த்தினேன். மரியபுஷ்பம் பொறுமையாகக் கேட்டு முடித்தார். “ஏலக்காட்டுல நாள் பூரா நிக்கிறோமே சார், அங்க எங்களுக்கு எவன் இன்டர்வெல் விடுறான்?”

கதவுக்கு வெளியே குருசாமி

காலைக் காட்சிக் கூட்டம் நகரத் தாமதமானதால், மேட்னியை இரண்டு மணி இருபது நிமிடத்துக்குத்தான் தொடங்க முடிந்தது. இடைவேளை இல்லாவிட்டாலும் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். திரேசாம்மா குனிந்தபடியே வரிசை வரிசையாகச் சமோசா கொடுத்தார். துரத்தல் காட்சியில் ஒரு கார் வளைவில் இரண்டு சக்கரத்தில் நின்றபோது, “ஏ, நம்ம குருசாமித் தம்பி!” என்று அந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்து ஒரு குரல் எழும்பி, அரங்கமே சிரித்தது. எஸ்தர் டீச்சர் ஸ்டாபோடு வந்திருந்தார். ரிப்போர்ட் வசனத்துக்கு அந்த ஒரு வரிசையிலிருந்து மட்டும் கைதட்டல். ஐந்து அடிக்கும்போது கோட்டுக்காரர் எரிகிற ஒரு பாலத்தின் நடுவில் இருந்தார். வெளியே ஹாரன் அடித்தது.

வழக்கமாக முதல் ஹாரனுக்கே பன்னிரண்டு பேரும் பையைத் தூக்கிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு தலைகூட அசையவில்லை. இரண்டாவது ஹாரன். மூன்றாவது, நீளமாக. பிறகு குருசாமியே வந்துவிட்டான். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். “மஞ்சு எறங்கிருச்சுன்னா நீங்களா சார் பதில் சொல்வீங்க?” என்று கத்த ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திவிட்டான். உள்ளே கோட்டுக்காரர் கடைசி வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தார். குருசாமி காதைக் கதவில் வைத்தான். “சார், இதான் அவரு குரலா?” என்று கிசுகிசுத்தான். முதல் தடவையாகக் கேட்கிறானாம்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு விளக்கு எரிந்தது. முடிவு என்ன என்று நான் இங்கே எழுத மாட்டேன். வெளியே வந்தவர்கள் சிரித்தார்களா அழுதார்களா என்று சொன்னாலும் பாதியைச் சொன்னதாகிவிடும். யாரும் நோட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மலைப்பக்கம் மஞ்சு அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. எல்லோரும் ஏறி நெருக்கி உட்கார்ந்தபின் குருசாமி ஜீப்பைக் கிளப்பி, வழக்கம்போல் ஆக்சிலேட்டரை உறும மிதித்தான். மிதித்தவன் கழுத்தைத் திருப்பி, “யக்கா, என்னாச்சு? பொழச்சாரா?” என்றான். விடாமல் அடுத்ததையும் கேட்டான். “போன தடவை ரயிலு வெடிச்சுதுல்ல, அந்த வெள்ளைக்காரி என்ன ஆனா? அந்தப் பெட்டியில என்னதான் இருந்துச்சு?” ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கியவன், மலை இறங்கும்போது பின்சீட்டுப் பேச்சில் ஒரு பாகம் விடாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாக அவன் கையில் இருந்த பிடி இப்போது தங்கள் கைக்கு வந்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மரியபுஷ்பம் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “போடிமெட்டு தாண்டிப் பதினேழு வளைவு இருக்கு தம்பி. வளைவுக்கு ஒரு சீனு சொல்லிக்கிட்டே வாரேன். எங்கயாச்சும் மிதிச்சு ஓட்டுன, அந்த வளைவோட கதை நின்னுரும்.”

இரண்டே முக்கால் மணி நேரம் உலகத்தைக் காப்பாற்றியவர் கோட்டுக்காரர் என்று என் நோட்டு முழுக்க எழுதியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் பன்னிரண்டு பேரை மெதுவாக மலையிறக்கிய கணக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.